நாலாம் நம்பர் பெல்ட்

என் பிள்ளைகளைவிட என் மாடுகள்தான் என் போனை அதிகம் அலற வைக்கின்றன. காலையில் பல் தேய்க்கும்போது மூன்றாம் நம்பர் சரியாக அசைபோடவில்லை என்று ஒரு செய்தி வரும். குழம்பு கொதிக்கும்போது ஒன்பதாம் நம்பர் வெகுநேரமாகப் படுக்கவில்லை என்று இன்னொன்று வரும். ஐம்பத்தாறு வயதில் நானும்தான் வெகுநேரமாகப் படுக்கவில்லை. அதை யாருக்கும் எந்தப் போனும் சொல்வதில்லை.

மலாக்காவில், அலோர் காஜாவிலிருந்து பத்து நிமிடம் உள்ளே வந்தால், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் கொட்டகை. பதினோரு மாடுகள். புல் வெட்டுவது, கறப்பது, கழுவுவது எல்லாம் என் வீட்டுக்காரர். போன் பார்ப்பது, டாக்டரைக் கூப்பிடுவது, அதிகாரிகளிடம் பேசுவது நான். கல்யாணமான நாளிலிருந்து பேச வேண்டிய இடத்திலெல்லாம் நான்தான் பேசுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு திட்டத்தில் மாடுகளுக்குக் கழுத்து பெல்ட் கொடுத்தார்கள். கொண்டுவந்து கட்டியவள் மலாக்கா டவுன் பெண், திட்டத்தின் அதிகாரி.

"மாடு கம்மியா இருக்கணும், பால் நிறைய வரணும், ஆன்டி. பால் தராத மாடு சும்மா தின்னுக்கிட்டு நின்னா தீனியும் வேஸ்ட், தண்ணியும் வேஸ்ட். கீழ இருக்கிற கிராமத்து கம்போங்காரங்க, சாணித் தண்ணி வருதுன்னு கம்ப்ளேன் பண்றாங்கதானே? அதுவும் குறையும் லா" என்றாள்.

பெல்ட்டுக்குள் ஒரு கருவி இருக்கிறது. மாடு எவ்வளவு நடக்கிறது, எவ்வளவு நேரம் அசைபோடுகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். பருவத்துக்கு வந்த மாடு நிலைகொள்ளாமல் நடக்கும், அசைபோடுவது குறையும். உடனே என் போனுக்குத் தகவல் வரும். சினை ஊசி போடுகிறவரை நான் கூப்பிட வேண்டும். அந்த ஒரு நாளை விட்டால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதுதான்.

"ஒரே ஒரு விஷயம், பெல்ட்டைக் கழட்டாதீங்க. எந்த மாட்டுக்கு எந்த நம்பரோ அதுதான் எப்பவும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலாம் நம்பர் கறுப்பு மாட்டுக்கு. அது எங்கள் கொட்டகையிலேயே பிறந்தது. என் வீட்டுக்காரர்தான் கையை விட்டு இழுத்துப் போட்டார். ஒன்றரை வருடமாக அது சினை பிடிக்கவில்லை. இன்னும் சினை நிற்காவிட்டால் லாரியில் ஏற்ற வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். லாரி எங்கே போகும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பருவம் வந்தாலும் அதை வெளியே காட்டாத மாடு அது. கத்தாது, துள்ளாது. பெல்ட்தான் கண்டுபிடித்தது. ஊசி போட்டோம், சினை நின்றது. இரண்டு மாதம் கழித்து மாட்டு டாக்டர் கையை விட்டுப் பார்த்து, சினைதான் என்றார். சாமானியத்தில் வெளியே கிளம்பாத என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் என்னைக் கிளேபாங் கடற்கரை வரை கூட்டிக்கொண்டு போய் இளநீர் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் முழுக்கப் போன் கட்சி.

அடுத்து மாட்டுப் பொங்கல் வந்தது. குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட வேண்டும். மாலைக்கு நடுவே பிளாஸ்டிக் பெல்ட் தொங்கினால் நன்றாகவா இருக்கும்? "சாமி கும்பிடுற நேரத்துக்கு மட்டும் கழட்டி வைப்போம்" என்றார் அவர். எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. ஒவ்வொரு பெல்ட்டையும் அந்தந்த மாடு நிற்கும் இடத்திலேயே ஆணியில் மாட்டினேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

சூடம் காட்டி முடிந்ததும், பக்கத்துத் தாமான் வீடுகளிலிருந்து வந்தவர்களுக்குப் பொங்கல் கொடுக்க உள்ளே போய்விட்டேன். அந்த நேரத்தில் புள்ளி மாடு, பக்கத்தில் நின்ற கறுப்பின் மாலையை எட்டி எட்டித் தின்றிருக்கிறது. என் வீட்டுக்காரர் புள்ளியை அவிழ்த்து அந்தக் கோடியில் கட்டிவிட்டு, கோடியில் நின்ற மாட்டை இங்கே கொண்டுவந்திருக்கலாம். அவர் செய்தது வேறு. கறுப்பைக் கோடிக்கு அனுப்பி, கோடியில் நின்ற செவலையைப் புள்ளிக்குப் பக்கத்தில் கட்டினார். பொங்கல் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நான் வந்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது. குனிந்தபடியே ஆணியிலிருந்து எடுத்து, எந்த இடத்தில் எது நின்றதோ அதன் கழுத்தில் மாட்டிக்கொண்டே போனேன். நம்பரையும் பார்க்கவில்லை, மாட்டையும் பார்க்கவில்லை. கறுப்பின் நாலாம் நம்பர் செவலைக்குப் போனது. செவலையின் ஏழாம் நம்பர் கறுப்புக்கு வந்தது. மறுநாள் மாடுகளை அதனதன் இடத்தில் கட்டிவிட்டார். பெல்ட் மட்டும் மாறியே கிடந்தது. இது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

பத்து நாள் கழித்து நாலாம் நம்பர் பருவத்துக்கு வந்திருப்பதாகச் செய்தி வந்தது.

"கறுப்பு பருவத்துக்கு வந்திருக்குங்க. சினை கலைஞ்சிருச்சு போல."

அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இல்லயே. அமைதியா நிக்கிறா. செவலதான் காலையிலேர்ந்து கத்திக்கிட்டு இருக்கா."

"அதுக்கு எப்பவும் வாய்தான். போன தடவையும் இவ வெளிய காட்டல. யாரு கண்டுபிடிச்சது? உங்க கண்ணா கண்டுபிடிச்சுச்சு?"

அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன்.

ஊசி போடுகிறவர் அவசரத்தில் வந்தார். அவருக்கு இன்னும் நாலு இடம் போக வேண்டியிருந்தது. "சினைன்னு எழுதியிருக்கே?" என்று கேட்டார். கலைந்துவிட்டது என்று போனைக் காட்டினேன். கையை விட்டுப் பார்த்துவிட்டு, "சரியா தெரியல. சினையா இருந்தா ஊசி கலைச்சிரும், டாக்டர் ஒருதடவை பார்க்கட்டுமே" என்றார். "டாக்டர் வர்றதுக்குள்ள நாள் போயிடும், போட்டுருங்க" என்றேன். போட்டார். கறுப்பு திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றது.

ஐந்தாம் நாள் காலையில் அது கன்று வீசிவிட்டது. ஒரு உள்ளங்கை நீளம் இருக்கும். அவர் அதைச் சாக்கில் சுற்றி, செம்பனை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். கலைந்தது வெளியே வர இத்தனை நாளாகியிருக்கிறது என்று நான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கர்ப்பப்பையில் சீழ் வைத்தது. ஏழாம் நம்பர் சரியாக அசைபோடவில்லை என்று போனில் செய்தி வந்தபோது, செவலை நன்றாகத்தானே தின்கிறது என்று விட்டுவிட்டேன். டாக்டர் பல வாரம் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, இனி இது பிடிக்காது என்று கையைக் கழுவினார். கோலா சுங்கை பாரு பக்கத்து லாரிக்காரர் சனிக்கிழமை வருவதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை அந்த அதிகாரிப் பெண் வந்தாள், நாலாம் நம்பரைப் பதிவிலிருந்து எடுக்க. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பழைய பதிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எழுந்து போய்க் கறுப்பின் கழுத்து பெல்ட்டைத் திருப்பி, காய்ந்திருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தாள். ஏழு.

"ஆன்டி, பொங்கலுக்குப் பெல்ட்டைக் கழட்டினீங்களா?"

பக்கத்திலிருந்த தீவனச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் திரையை எங்கள் பக்கம் திருப்பி, பொங்கல் நாளிலிருந்து ஏழாம் நம்பர் என்ன செய்தது என்று காட்டினாள். உண்மையில் அது கறுப்பு. நேரத்துக்குத் தின்றிருக்கிறது, நேரத்துக்குப் படுத்திருக்கிறது, நிம்மதியாக அசைபோட்டிருக்கிறது. எல்லா நாளும் அப்படித்தான். ஊசி போட்ட மறுநாளிலிருந்துதான் கோடு கீழே இறங்கியிருந்தது.

அவர் கையைத் துண்டில் துடைத்தபடி நின்றிருந்தார். அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

"அப்ப, அன்னிக்கு அவ நல்லாத்தான் இருந்தாளா?"

"ஆமாங்க. நீங்க சொன்ன மாதிரி நல்லாத்தான் இருந்தா. பெல்ட்டை மாத்திக் கட்டினது நான்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சனிக்கிழமை நான் வீட்டுல இருக்க மாட்டேன். அவளை நீயே லாரியில ஏத்தி விடு."