பெயர் சொல்லி எழுப்புகிறவள்

"என்ன காணும், இண்டைக்காவது எழும்புவீரோ?"

இப்படிக் கேட்காமல் மரியநாயகி ஒரு நாளும் அந்த அச்சுப்பொறியின் ஆளியைப் போட்டதில்லை. றெக்சின் விரிப்பை இழுத்து நாலாக மடித்துக் கதிரை முதுகில் போடுவாள். பிஸ்கற் தகரத்தைத் திறந்து, வறுத்த அரிசிப் பொட்டலத்தைத் தூக்கி, அடியிலிருந்து பத்துப் பதினைந்து தாள் எடுப்பாள். ஊர்காவற்றுறைக் கடற்காற்றில் தாளைச் சும்மா வைத்தால் அரை நாளில் நமத்துப்போகும். நமத்த தாளைப் பொறி இரண்டு இரண்டாக விழுங்கும். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: அந்தப் பொறியை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது.

கோயில் பணிமனையில் இருபது வருடம் தட்டச்சு அடித்தவள். கடல் பொங்கி ஊர்களை அழித்த பிறகு வந்த ஒரு நிறுவனம் கணினி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனது. அதற்குள் ஓடும் லினக்ஸ், வெளிநாட்டிலிருந்து காசில்லாமல் தபாலில் வந்த இறுவட்டு. யாரும் பாவிக்கலாம், பிரதி எடுக்கலாம், பிழை கண்டால் திருத்தலாம் என்று அதை எழுதியவர்களே சொல்லிவிட்டார்களாம். மரியநாயகிக்கு அந்தப் பெருந்தன்மை பிடித்திருந்தது. ஒரு குறையும் இருந்தது. "வீட்டைத் திறந்துதான் விட்டிருக்கினம். விளக்கு எங்கையிருக்கெண்டு நாங்கள்தான் தடவ வேணும்" என்பாள்.

கண்ணாடியில் கவிழ்த்த தாளைப் படம் பிடிப்பதும் அச்சடிப்பதுமாக இரண்டு வேலையும் செய்யும் பொறியை, பிரான்சில் இருக்கும் ஊர்க்காரர் அனுப்பியிருந்தார்கள். திரும்பச் சண்டை மூண்டு யாழ்ப்பாணப் பாதை பூட்டுவதற்கு முந்தின மாதம் வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் இருந்த இறுவட்டு வேறு வகைக் கணினிக்கானது. கேட்டறிய இணையமும் இல்லை. படம் பிடிக்கும் பாதியைப் பன்னிரண்டு நாளில் வழிக்குக் கொண்டுவந்தாள். நிர்வாகியாக நுழைந்தால்தான் அந்தக் கண்ணாடி வேலை செய்யும், சாதாரணமாக நுழைந்தால் செய்யாது. இவ்வளவுதான் விஷயம். அச்சடிக்கும் பாதிதான் அழும்பு பிடித்தது. லினக்ஸ் தனக்குத் தெரிந்த அச்சுப்பொறிகள் என்று காட்டிய பட்டியலில் இந்தப் பொறியின் இலக்கம் இல்லை. அதற்கு முன்பின்னான இலக்கங்கள் இருந்தன. சரி, அண்ணன் பெயருக்கோ தம்பி பெயருக்கோ திரும்பிப் பார்க்காமலா போகும் என்று, நாளுக்கு ஒரு பெயராக வைத்துப் பார்த்தாள். ஜெனறேற்றர் ஓடுவது காலையில் இரண்டு மணித்தியாலம். அதற்குள் ஒரு பெயர் வைத்து, பச்சை விளக்கு சிமிட்டுகிறதா என்று பார்ப்பாள். திரும்பிப் பார்க்காத பெயரைக் கொப்பியில் எழுதிக் குறுக்கே கோடு இழுப்பாள்.

"உந்த நேரத்துக்குக் காபன் தாள் வைச்சு எழுதியிருந்தால், முழு ஊருக்கும் எழுதி முடிச்சிருப்பீர்" என்று பணிமனை கூட்டும் அந்தோனியம்மா நெளிப்புக் காட்டுவாள்.

"நீர் கூட்டும். நான் கூப்பிடுறன்" என்பாள் இவள்.

நாலாவது பெயர் வைத்த அன்றுதான் பஸ்ரியாம்பிள்ளை வந்தார். சாரமடிப்பிலிருந்து பத்திரிகைத் தாளில் சுற்றிய படம் ஒன்றை எடுத்தார். மகன் றொஜன், அக்காவின் கலியாணத்தில் நின்று சிரிக்கிற படம். றொஜன் தொழிலுக்குப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது.

"பிள்ளை, முப்பத்தொண்டாம் நாள் பூசையும் செய்யேல்லை, ஆண்டும் வந்திட்டுது. பெடியன்ரை ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கப்போறன். நாலு பேருக்குக் குடுக்க ஒரு நினைவுக் காட் அடிச்சுத் தாரும்." சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். "மனுசிக்குத் தெரியப்படாது. படத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளையிருந்து களவாய்த்தான் எடுத்தனான். அவள் தண்ணிக்குப் போயிருக்கிறாள், வாறதுக்குள்ளை திரும்ப வைக்கவேணும்."

மனைவி அல்போன்சம்மாவுக்கு மகன் உயிரோடுதான் இருக்கிறான். எங்கேயோ பிடித்து வைத்திருக்கிறார்கள், ஒருநாள் விடுவார்கள். கிணற்றடியில் யாரோ, "றொஜன்ரை ஆத்துமம்" என்று வாய் தவறிச் சொன்ன நாளிலிருந்து அந்தக் கிணற்றிலேயே அவள் தண்ணீர் அள்ளுவதில்லை. அரை மைல் நடந்து வேறு கிணற்றுக்குப் போகிறாள்.

மரியநாயகி படத்தைக் கண்ணாடியில் கவிழ்த்துக் கணினிக்குள் பிரதி எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மேலே குருசு, கீழே கறுப்புக் கோடு, அதன் கீழே முகம், பிறந்த திகதி, மறைந்த திகதி என்று நினைவு அட்டையை ஒழுங்குபடுத்தி அச்சுக்கு அனுப்பினாள். பொறி அசையவில்லை. அடுத்த நாள் வேறு பெயர் வைத்துத் திரும்பவும் அனுப்பினாள். ஐந்து நாள், ஐந்து தரம். ஆறாவது நாள் பஸ்ரியாம்பிள்ளை, "விடும் பிள்ளை" என்றுவிட்டார். கிழமை நாளொன்றில் விடியப் பூசை நடந்தது. றொஜனின் பெயரை வாசிக்கவில்லை. கடைசி வாங்கில் அவர் மட்டும் முழங்காலில் நின்றார்.

தட்டச்சில், எழுத்து விழாவிட்டால் விழவில்லைதான், அதோடு முடிந்தது. இதுவும் அப்படித்தான் என்று மரியநாயகி நினைத்துக்கொண்டாள். வராத தாள் வராமலே போயிற்று என்று, அட்டையை மறந்து பெயர்களோடு மட்டும் மினக்கெட்டாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அல்போன்சம்மா வந்தாள். மறுநாள் காலை யாழ்ப்பாணத்தில் காணாமற்போனவர்களின் பெயர் பதிகிறார்களாம். முகம் தெளிவாகத் தெரியும் பெரிய படம் பத்து வேண்டுமாம்.

"படத்தை விட்டிட்டு நான் போகன். இதிலையே நிண்டு வாங்கிக்கொண்டு போறன்" என்றாள்.

அந்தப் படத்தின் பிரதி கணினிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சொல்ல மரியநாயகிக்கு வாய் ஏது? புதிதாகப் பார்ப்பவள் போல வாங்கிக் கண்ணாடியில் கவிழ்த்தாள்.

"மெல்லமா மூடும் பிள்ளை" என்றாள் அல்போன்சம்மா. "மூச்சு முட்டும்."

முகத்தைப் பெரிதாக்கி, கீழே 'காணவில்லை' என்று எழுதி, இருபத்தோராவது பெயரை வைத்து அனுப்பினாள். பொறிக்குள் ஏதோ புரண்டது. பச்சை விளக்கு சிமிட்டியது. தாள் ஒன்று உள்ளே போனது.

"எழும்பிட்டார்! அக்கா, எழும்பிட்டார்!" மரியநாயகி கை தட்டினாள். ஒரு மாதத்துக்கு மேலான பாடு.

தாள் வரிவரியாக வெளியே வந்தது. முதலில் ஒரு குருசு.

கைதட்டல் நின்றது. ஒரு கணத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அனுப்பிய எதையும் இந்த லினக்ஸ் தொலைக்கவில்லை. பொறி எழும்பட்டும் என்று எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்திக் காத்திருந்திருக்கிறது. வரிசையில் தகப்பன் முதலில், தாய் பின்னால்.

அல்போன்சம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். "உதென்ன குருசு?"

"கோயில் தாள் அக்கா. முந்தி அடிச்சது."

கறுப்புக் கோடு வந்தது. அதன் கீழே தலைமயிர் வந்தது, வகிடு வந்தது. நெற்றி தொடங்கியது. மரியநாயகி இடது கையை நீட்டித் தாளைப் பிடித்து ஒரே இழுவையில் இழுத்தாள். உள்ளே ஏதோ நெரிந்து கரகரத்தது. தாள் கிழிந்து கைக்குள் வந்தது. வந்ததைக் கசக்கி முட்டிக்குள் அடக்கினாள்.

"ஐயோ, பழுதாக்கிப்போட்டீரே! நாளைக்கு விடிய நான் போகவேணும் பிள்ளை!"

"பொறுங்கோ. பழுதில்லை."

வலது கை ஒன்றாலேயே மூடியைத் திறந்து, சிக்கிய துண்டைக் கிள்ளி எடுத்தாள். வரிசையில் நின்ற மற்ற நாலு அட்டையையும் தேடி, ஒவ்வொன்றாக அழித்தாள். ஜெனறேற்றர் நிற்கப் பத்து நிமிடம் இருந்தது. பொறி முனகிக்கொண்டு திரும்பவும் தொடங்கியது. இந்த முறை குருசு இல்லை. றொஜன் சிரித்தான். பத்துத் தரம் சிரித்தான். வந்த தாளையெல்லாம் மரியநாயகி ஒரு கையாலேயே எடுத்து ஒரு கையாலேயே நீட்டினாள்.

அல்போன்சம்மா பத்தையும் எண்ணிப் பார்த்துப் பைக்குள் வைத்தாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

"மற்றக் கைக்கு என்ன பிள்ளை?"

"விறைச்சுப்போச்சு அக்கா."

"உந்த இரும்போடை மல்லுக்கட்டினால் விறைக்காதே? கொண்டாரும்."

அவள் பையைக் கதிரையில் வைத்துவிட்டு, மூடிய அந்த முட்டியைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்தாள். விரல் மூட்டு ஒவ்வொன்றாக அழுத்தி நீவிவிடத் தொடங்கினாள்.

"கையை விரியும் பிள்ளை" என்றாள். "விரிச்சால்தான் இரத்தம் ஓடும்."

மரியநாயகி விரலை இன்னும் இறுக்கினாள்.