பதினாறு பை ஐந்து

பி.எஸ்ஸி. கடைசி வருடத்தில், பல மாறிகள் கொண்ட கால்குலஸ் தாளில் நான்கு மதிப்பெண்ணில் தோற்றேன். தேனாம்பேட்டையில் ஓர் அச்சகம் எனக்குப் புரூஃப் ரீடர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. செப்டம்பர் தேர்வில் தேறிப் பட்டத்தோடு போனால் வேலை. இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்கு.

எங்கே தோற்றேன் என்பதை எங்கள் பேராசிரியர் சொன்னார். அவர் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்வந்தவர். ஒரே அளவுள்ள இரண்டு உருளைகள் ஒன்றையொன்று செங்குத்தாக ஊடுருவுகின்றன. இரண்டுக்கும் பொதுவான பகுதியின் கன அளவு என்ன என்பது கேள்வி. பத்து மதிப்பெண். ஆரம் a என்றால் விடை பதினாறு a கியூப் பை மூன்று, அதாவது பதினாறு a கியூபை மூன்றால் வகுத்தது. நான் அதைத்தான் எழுதியிருந்தேன்.

“திருத்தறவங்களுக்குக் குடுத்த ஆன்சர் கீயில பதினாறு பை அஞ்சுன்னு போட்டிருந்ததுப்பா. மூணு எழுதினவனுக்கெல்லாம் சைபர்.”

“மூணுதானே சார் சரி?”

“சரிதான். ஆனா கட்டு கட்டா அஞ்சே வருது. நான் ஒருத்தன் என்ன பண்றது?”

கீ தயாரித்தவரும் மாணவர்களும் ஒரே கைடைப் பார்த்திருந்தார்கள். பாண்டி பஜார் நடைபாதையில் கிடைக்கும் பச்சை அட்டைப் புத்தகம். ஆசிரியர் பெயருக்குப் பதில் ‘அனுபவமிக்க பேராசிரியர் ஒருவர்’ என்று இருக்கும். என் வகுப்பில் அதை வாங்காதவன் நான் மட்டும்தான்.

“உன்ன யாரு நைனா கணக்குப் போடச் சொன்னது?” என்றான் பக்கத்து பெஞ்சு நண்பன். “கைடுலதான் கீதே, அத்த அப்பிடியே எழுதறதுதானே.”

அவன் கைடை வாங்கிப் பார்த்தேன். முதல் மூன்று வரிகளும் சரி. அடுத்து, ஆகவே என்பதற்குக் கணிதத்தில் முக்கோணமாக வைக்கும் மூன்று புள்ளிகள். அதை அடுத்து பதினாறு பை ஐந்து. உருளைகள் சந்திக்கும் இடத்தில் அதே ஆரமுள்ள ஒரு பந்து முழுதாக அடங்கும். கைடு சொன்ன அளவோ அந்தப் பந்தைவிடச் சிறியது. டப்பாவைவிட உள்ளே இருக்கும் லட்டு பெரிது என்பதற்கு ஒரு தலைமுறை பத்து மதிப்பெண் வாங்கியிருந்தது.

பின்னட்டையில் மேற்கு மாம்பலம் விலாசம் இருந்தது. போனேன். முப்பது வயதுப் பெண்மணி ஒருவர் சமையலறை வாசலில் உட்கார்ந்து அச்சுப் படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

“பேராசிரியரைப் பார்க்கணும் மாமி.”

“நான்தான். அனுபவம் மட்டும் இன்னும் வரலை. ஆத்துல வேலைக்கு அனுப்பலை, எம்.எஸ்ஸி. வீணாப் போகக் கூடாதேன்னு இத எழுதறேன்.”

ஐந்தைக் காட்டினேன். அவர் அசரவில்லை.

“அது வேணும்னே போட்டது. மயிலாப்பூர்ல ஒருத்தன் என் கைடைக் காப்பியடிச்சு வித்துண்டிருந்தான். பிடிக்கறதுக்காக ஒரு விடையை மாத்தினேன். அவனும் அதையே அச்சடிச்சு மாட்டிண்டான்.”

“அவரோட நானும் மாட்டிக்கிட்டேன். அடுத்த பதிப்புல திருத்திடுங்க மாமி.”

“எப்படித் திருத்தறது? கேஸ் நடக்கறது. இப்போ மாத்தினா, அது வெறும் அச்சுப்பிழைன்னு அவன் வக்கீல் சொல்லிடுவான்.”

செப்டம்பரிலும் கீ அந்தக் கைடிலிருந்துதான் வரும் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமில்லை. ஆகவே ஐந்துக்குப் போக ஏதாவது கௌரவமான வழி உண்டா என்று தேடினோம். அவர் ஓர் உறுப்பை விட்டார். நான் ஒரு வர்க்கத்தை மறந்தேன். எல்லைகளை மாற்றிப் போட்டோம். எட்டு பை மூன்று வந்தது, நான்கு வந்தது, ஒரு முறை சைபர் வந்தது. இரண்டு முறை கவனக்குறைவால் சரியான விடையே வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“தப்புக்கும் ஒரு வழி வேண்டாமோ? எல்லாரும் பண்ற மாதிரி மூணு புள்ளியை வெச்சுட்டு எழுதிடு.”

செப்டம்பரில் உருளைகள் வந்தன. மூன்று வரிகளைச் சரியாக எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். கண்காணிப்பாளர் அருகே வந்து, “காகிதம் வேணுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். புள்ளிகளை வைத்து, பதினாறு பை ஐந்து என்று எழுதினேன்.

தேறினேன். அச்சகத்தில் சேர்ந்த வாரமே மாம்பலத்துக்குப் போய்ச் சொன்னேன்.

“என்ன எழுதினே?”

“அஞ்சு.”

“தப்புன்னு தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

அவர் முகம் மலர்ந்தது. “என் வக்கீல் ஒரு சாட்சி கேட்டுண்டே இருக்கார். அந்த விடை நேர்வழியில வராது, பார்த்து எழுதினாத்தான் வரும்னு யாராவது கோர்ட்டுல சொல்லணுமாம். நீ வந்து சொல்றியா?”

நான் வாங்கிய மதிப்பெண்ணும் அதில் கிடைத்த வேலையும் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஆறு மாதம் தகுதிகாண் பருவம் இருக்கிறது, வேலை நிரந்தரமானதும் வருகிறேன் என்றேன்.

“மெதுவா வா,” என்றார். “கேஸ் அது வரைக்கும் நடக்கும்.”