இடது கைப் பந்தி

சிங்கப்பூரின் தேக்காவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அக்கா, வடக்கே ஈசூனில் இரண்டாவது கடை திறக்க இருந்தார். புதுக் கடையின் நீளச் சுவருக்கு ஒரு படம் வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.

நான் அப்போது சாப்பாடு டெலிவரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் கப்பல் பட்டறையில் பெயின்ட் அடித்திருக்கிறேன், கிடங்கில் பெட்டி தூக்கியிருக்கிறேன், கொஞ்ச காலம் ஜொகூரில் சும்மா சுற்றியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஓரிடத்தில் உட்காரவும் வராது. காகிதம், வண்ணம், தூரிகை எல்லாவற்றையும் வாடகை அறை மாறும்போதெல்லாம் தூக்கிக்கொண்டு போக முடியாததால் பழைய டேப்லட் ஒன்று வாங்கினேன். ஆர்டர் தயாராகும்வரை அக்காவின் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, சாப்பிடுகிறவர்களை அதில் வரைவேன்.

அதைப் பார்த்துத்தான் கேட்டார். "இவங்களையே வரைஞ்சு குடு தம்பி. ஈசூன்காரங்க உள்ள வந்தா தேக்காவுல உக்காந்த மாதிரி இருக்கணும்."

என் படத்தைக் கேட்டு வாங்கிச் சுவரில் போட நினைத்த முதல் ஆள் அவர்தான். மழை பெய்து ஆர்டர் குறைந்த நாட்களிலெல்லாம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து வரைந்தேன். ஒரு நீளப் பந்தி. இலை, சோறு, பத்துப் பதினைந்து முகங்கள். முடித்து அக்காவின் போனுக்கு அனுப்பினேன்.

மறுநாள் மதியம் கூப்பிட்டார். வங்கியில் வேலை செய்யும் அவருடைய மகளும் கடையில் இருந்தார்.

"ஏன் தம்பி, என் கடைக்கு வர்றவங்க எல்லாம் பீச்சாங்கைக்காரங்களா?"

போனை வாங்கிப் பார்த்தேன். பந்தி முழுக்க இடது கையால் பிசைந்துகொண்டிருந்தது. பெண்களுக்கெல்லாம் முந்தானை வலது தோளில்.

"அம்மா, இது ஏஐ லா" என்றார் மகள். "அதுக்கு எந்தக் கையால சாப்பிடணும்னு தெரியாது. கிளியரா தெரியுது."

டேப்லட்டில் வரைகிறவர்கள் படத்தை அவ்வப்போது கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்போம். ஒரே படத்தை மணிக்கணக்காகப் பார்த்தால் கோணல் கண்ணுக்குப் பழகிவிடும். திருப்பினால்தான் மூக்கு வளைந்திருப்பது தெரியும். கடைசியாக அப்படித் திருப்பிய நேரத்தில் ஆர்டர் வந்திருக்கிறது. திரும்ப மாற்றாமல் அனுப்பிவிட்டு ஓடியிருக்கிறேன். இதைச் சொன்னேன்.

"அப்ப வரைஞ்ச வீடியோ இருக்குமே? இந்த ஆப் எல்லாம் தானா ரெக்கார்ட் பண்ணுமே."

டேப்லட்டில் இடம் போதாமல் அதை நான் நிறுத்தி வைத்திருந்தேன். அதையும் சொன்னேன். மகள் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. அதனால்தான் இன்னும் எரிந்தது.

"இங்கயே வேணா வரைஞ்சு காட்டுறேன்."

"உங்களுக்கு வரையத் தெரியும்னு எங்களுக்குத் தெரியும் லா. இதை வரைஞ்சீங்களாங்கறதுதான் கேள்வி."

நியாயமான கேள்வி. காகிதமாக இருந்தால் அழித்த தடம் இருக்கும், விரல் கறை இருக்கும். டேப்லட்டின் கண்ணாடித் திரையில் அழித்தால் அழிந்ததே தெரியாது. அந்தச் சுத்தம்தான் எனக்குப் பிடித்திருந்தது. இப்போது அதுவே காலை வாரியது. நான் பல நாள் உட்கார்ந்து வரைந்ததும் இயந்திரம் கேட்டவுடன் கொடுப்பதும் போனுக்கு வந்து சேரும்போது ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. வேலை போனால் போகட்டும், அது எனக்குப் புதிதில்லை. வரையாமலே வரைந்ததாகச் சொன்னவன் என்று இந்தக் கடையில் பெயர் எடுத்தால், அப்புறம் இங்கே ஆர்டர் எடுக்கக்கூட வர முடியாது.

அக்கா படத்தை விரலால் பெரிதாக்கி, முகம் முகமாக நகர்த்திக்கொண்டிருந்தார். திடீரென்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

"ஏய், இங்க பாருடி! இவரு ஒருத்தர் மட்டும் சோத்துக்கையால சாப்பிடுறாரு!"

மகள் எட்டிப் பார்த்தார்.

"யாருன்னு தெரியுதா? நம்ம செம்பவாங் அங்கிள்!"

அந்த அங்கிள் தினமும் வருகிறவர். செம்பவாங் கப்பல் பட்டறையில் இருந்தபோது வலது கை கயிறு சுற்றும் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது. அதன் பிறகு விரல்கள் மடங்குவதில்லை. இடது கையால்தான் சாப்பிடுவார். முழங்கை பக்கத்து ஆள்மேல் இடிக்கும் என்பதால் அக்கா அவருக்கு எப்போதும் வரிசையின் ஓர நாற்காலியைக் கொடுப்பார். நான் பார்த்தபடியே வரைந்திருந்தேன். படம் திரும்பியதில் அவர் மட்டும் வலது கைக்காரர் ஆகிவிட்டார்.

"ஊரே பீச்சாங்கையால சாப்பிடுது, அங்கிள் மட்டும் ஒழுங்கா சாப்பிடுறாரு" என்று அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மெஷினுக்கு அங்கிளை எப்படிடி தெரியும்?"

மகள் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "ஓகே லா. சாரி" என்றார். பிறகு, "அந்த ரெக்கார்டிங்க ஆன் பண்ணி வைங்க. எல்லா கிளையன்ட்டும் அங்கிளைப் பார்த்திருக்க மாட்டாங்க" என்றார். அதுவும் சரிதான். அன்றே அதைப் போட்டுவிட்டேன்.

படத்தை நேராகத் திருப்பினேன். இப்போது எல்லாரும் வலது கை, அங்கிள் மட்டும் இடது கை. அக்காவுக்கு வேறு கவலை வந்தது.

"சுவர்ல அவ்வளவு பெருசா அச்சடிச்சு வரப்போகுது. மனசு கஷ்டப்படுவாரா? கேட்டுக்குவோம்."

சாப்பிட வந்த அங்கிளிடம் டேப்லட்டைக் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் தன் கையைப் பார்த்தார், பிறகு முழுப் பந்தியையும் பார்த்தார்.

"கை கிடக்கட்டும். இந்த வயிறு யாரோடது?"

"உங்களோடதுதான் அங்கிள்."

"பொய் சொல்லாத. கம்ப்யூட்டர்தானே, ஒரு தட்டு தட்டினா உள்ள போயிடாது?"

ஒரு தட்டில் போகாது. வயிறு குறைந்தால் சட்டை மடிப்பு மாறும், மடிப்பு மாறினால் பொத்தான் நகரும், மேசை விளிம்பு வெளியே தெரியும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். அவர் ரசம் சோற்றை மறந்துவிட்டு, "இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய இடது கையில் பருக்கை காய்ந்தது.

"போதும், நிறுத்து" என்றார் கடைசியில். "இதுக்கு மேல போனா வீட்டுக்காரி நம்ப மாட்டா. அச்சுக்கு அனுப்பு."