வாழைப்பழத்துக்கு இறங்காத தூசி

அருளானந்தம் தங்கமான மனிதர், ஆனால் பிடிவாதத்தில் கழுதை தோற்றுப்போகும். சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில், துருப்பிடித்த இரும்பின்மேல் மணலைப் பீய்ச்சியடிக்கிற வேலையில் பாதி ஆயுள் போனது. அங்கே எல்லோரும் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள்: வேலை முடிந்ததும் இரண்டு வாழைப்பழம். விழுங்கிய தூசி வழுக்கிக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடுமாம்! இவரும் ஒருநாள் விடாமல் தின்றார்.

மூச்சு வாங்கத் தொடங்கியதும் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷம், எண்பத்திரண்டில், மணல் வேலையில் ஓர் இடம் காலியானது. மேஸ்திரி ஃபோர்மனைக் கெஞ்சிக் கூத்தாடித் தம்பி அலெக்சாண்டரை அதில் சேர்த்துவிட்டார். திங்கட்கிழமை தொடக்கம். "பழத்த மறக்காத, ஒண்ணும் ஆகாது லா" என்று புத்திமதி வேறு.

சனிக்கிழமை டாக்டர் சுப்பிரமணியம் எக்ஸ்ரேயைக் காட்டினார்.

"நுரையீரல்ல காவல்கார செல்லுங்க இருக்கு. உள்ள வர்ற குப்பைய முழுங்கிடும். மணல் தூளையும் முழுங்குது, செரிக்க முடியாம செத்துப்போகுது. சாகும்போது ஒரு ரசாயனத்தக் கசியவிட்டு மத்த செல்லுங்களக் கூப்பிடும். அதுங்களும் ஓடிவந்து அதே தூளை முழுங்கிச் சாகும், இன்னும் கூப்பிடும். அந்தச் சேதி கேட்டு, தழும்பு கட்டுற செல்லும் வந்து கட்டிக்கிட்டே போகும். அங்க காத்து நுழையாது."

"தூசிய விட்டு வருஷமாச்சே, டாக்டர்?"

"தூள் உள்ளதானே கெடக்கு. கூப்பிடறது நிக்காது."

"பழம் தின்னேனே?"

"அது வயித்துக்குப் போற வழி. இது வேற வழிங்க."

அருளானந்தத்துக்குத் தன் மூச்சே மறந்துபோனது. ஐயோ, கூடப்பிறந்தவனைத் தானே அல்லவா பிடித்துத் தள்ளியிருக்கிறார்!

ஞாயிறு பூசை முடிந்து சிராங்கூன் ரோடு காப்பிக்கடையில் தம்பியிடம் எல்லாம் சொன்னார். அவன் சிரித்தான். "நீங்கதானே ஒண்ணும் ஆகாதுன்னீங்க? விடுங்கண்ணே."

திங்கள் விடியலில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினார். தம்பி ஏறிவிட்டிருந்தான். கூப்பிட வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

பஸ் கதவருகே நின்ற பழைய கூட்டாளி அஸ்மத் பார்த்துவிட்டு, "அலெக்ஸ்! உங்கண்ணன் விழுறாரு, ஓடியா!" என்று கத்தினார்.

தம்பி குதித்து ஓடிவந்து தாங்கினான். அவர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். டிரைவர் ஹார்ன் அடித்தார். அண்ணனின் நெஞ்சு இழுக்கிற இழுப்பை இவ்வளவு கிட்டத்தில் அவன் கேட்டதே இல்லை.

"பேசாதீங்கண்ணே. மூச்ச விடுங்க."

"நீ ஏறமாட்டேன்னு சொல்லு," என்றார் அருளானந்தம், "அப்புறம் விடறேன்."