மூக்கு உரசிப் பார்த்த படம்

எங்கள் ஸ்ரீவராகத்து வீட்டில், வக்கீல் பெரியப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு படம் தொங்கியது. பொன்முடித் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணி தன் கையால் வரைந்து கொடுத்தது. தோட்டத்து வழக்குகள் எல்லாம் இனி தனக்கே என்று பெரியப்பா பூரித்துப் போயிருந்தார். ஆனால் படத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. பத்திரம் படிக்கிற மாதிரி மூக்கு உரச நின்று பார்ப்பார். அவ்வளவு கிட்டே போனால் அது வெறும் சாயத் திட்டு.

வயதுக்கு வந்த பெண், ஆண்கள் இருக்கும்போது கூடத்துக்கு வரக்கூடாது. அதனால் நான் தள்ளி, உள்வாசலில்தான் நிற்பேன். அங்கிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. மழை விட்ட வயல், தண்ணீரில் வெயில், வரப்பில் சிவப்புக் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண் ஓடுகிறாள்.

ஒருநாள், வழக்கு விஷயமாக வந்த கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருக்கையில், "பெரியப்பா, அந்தப் படத்துல..." என்று வாயெடுத்தேன். முடிக்க விடவில்லை.

"கேட்டேளா, இவ எனக்குப் படம் சொல்லித் தரா! நாலாம் ஃபாரம் படிச்சதுக்கே இந்த வாய். போறும், நாளைலேர்ந்து பள்ளிக்கூடம் வேண்டாம்."

எல்லாரும் சிரித்தார்கள். என் படிப்பு அந்தச் சிரிப்போடு முடிந்தது. அப்பா இல்லாத பெண்ணுக்காக யார் பேசுவார்? பாவி மனுஷன்! அழுது தீர்த்தேன். பிறகு காத்திருந்தேன்.

துரையும் துரைசாணியும் காப்பிக்கு வந்த அன்று, பெரியப்பா கூடத்திலிருந்து உள்வாசலுக்கு ஓடி வந்தார். படம் எப்படி இருக்கிறது என்று துரைசாணி கேட்டுவிட்டாள்.

"ஏண்டி கொழந்தே, படத்தைப் பத்தி அன்னிக்கு என்னமோ சொல்ல வந்தியே, என்னது அந்தச் சிவப்பு?"

கொழந்தையாம்! "வைக்கோல்போர் தீப்பிடிச்சு எரியறது, பெரியப்பா," என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

அவர் திரும்பிப் போய், தீ தத்ரூபமாக இருக்கிறது, இங்கே அனல் அடிக்கிறது என்று இங்கிலீஷில் விளாசினார். துரைசாணி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அது என் மகள். சீமையில் படிக்கிறாள்," என்றாள்.

காப்பியைக் குடித்து முடிக்கக்கூட அவர்கள் உட்காரவில்லை. அதன்பிறகு தோட்டத்து வழக்கு ஒன்றுகூட எங்கள் வாசலை மிதிக்கவில்லை. எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. நினைத்தால் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

அன்று அவர்கள் கார் போனதும் பெரியப்பா என் எதிரில் வந்து நின்றார். "என்னடி இப்படிப் பண்ணிட்டே?"

"நாலாம் ஃபாரத்துக்கு அவ்வளவுதான் தெரியும், பெரியப்பா. மேலே படிக்க வச்சிருந்தேள்னா சரியாச் சொல்லியிருப்பேன்."