ஒன்பது அங்குலம் உயர்ந்த சோடா ஜீப்

சிதம்பரத்தில் சோடா கம்பெனி வைத்திருந்த அபுபக்கருக்கு எதையும் சட்டென்று தேர்ந்தெடுக்க வராது. செருப்பு வாங்கப் போனால் இடது காலில் ஒரு ஜோடியும் வலது காலில் வேறொரு ஜோடியும் மாட்டிக்கொண்டு, கடைக்காரர் பலகையை எடுத்துக் கடையைச் சாத்தும்வரை நடந்து பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்திலும் "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டார். கதவுக்குப் பின்னாலிருந்த ஜெய்னப்தான், "அவுங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும். நான் சரின்னுட்டேன்னு சொல்லுங்க" என்று காரியத்தை முடித்தாள்.

அப்பேர்ப்பட்டவர் அறுபத்து மூன்றாம் வருஷம் ஒரே ஒரு காரியத்தை யோசிக்காமல் செய்தார். பட்டாளத்து ஏலத்தில் வந்த பழைய ஜீப் ஒன்றை எடுத்துவிட்டார். பின்பக்கத்தை வெட்டி, பலகையில் தொட்டி கட்டி, பாரம் ஏற்றும் பிக்கப்பாக மாற்றினார். என்ன வர்ணம் அடிப்பது என்ற கேள்வி வந்தபோது பழைய அபுபக்கர் திரும்பி வந்துவிட்டார். முடிவில் இடது பக்கம் பச்சை, வலது பக்கம் நீலம். தெருவில் ஒரு பக்கம் நிற்பவர்கள் பச்சை ஜீப் என்பார்கள், எதிர்ப்பக்கத்தார் நீல ஜீப் என்பார்கள்.

கிள்ளைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதனால் அங்கே கோலி சோடாவுக்கு ஏகப்பட்ட கிராக்கி. ஆனால் பாதைதான் மோசம். மாட்டு வண்டிகள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குத் தடம் பள்ளமாகி, நடுவில் எருமை படுத்த மாதிரி ஒரு மேடு நிற்கும். முதல் லோடு ஏற்றிப் போன அன்றே ஜீப்பின் வயிறு அந்த மேட்டில் உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கரமும் காற்றில் சுற்றின. அபுபக்கர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம் வந்ததே தவிர வண்டி வரவில்லை.

பின்னால் மாட்டு வண்டியில் புவனகிரி தங்கராசு வந்தார். அவரும் சோடாக்காரர்தான், போட்டிக் கம்பெனி. வண்டியை நிறுத்தி, கயிற்றைக் கட்டி, இரண்டு மாட்டையும் பூட்டி ஜீப்பை இழுத்துவிட்டார். போகும்போது மட்டும் ஒரு வார்த்தை கேட்டார்.

"ஏன் பாய், இதுக்குப் பெட்ரோல் போட்டீங்களா, புண்ணாக்கு போட்டீங்களா?"

அந்த ஒரு கேள்வி அபுபக்கருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஜீப்பைத் தூக்கியே தீருவது என்று வைராக்கியம் பிறந்தது.

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் காத்தவராயன் என்று ஒருவர் பட்டைக் கடை வைத்திருந்தார். பட்டை என்றால் வண்டியின் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங். வில்லாக வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும். காத்தவராயன் ஜீப்புக்கு அடியில் புகுந்து, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல ஒவ்வொரு பட்டையையும் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"பட்டை எல்லாம் தொங்கிப் போச்சு பாய். சக்கரத்துக்கு ரெண்டு பட்டை ஜாஸ்தியா சேத்து, நெருப்புல காய்ச்சி வளைச்சு அடிச்சன்னா அஞ்சு அங்குலம் மேல நிக்கும். அப்புறம் ஆனை ஏறுனாலும் எறங்காது."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று அபுபக்கர் ஊர் திரும்பினார்.

சிதம்பரத்திலேயே சபாபதி என்று ஒரு மெக்கானிக் இருந்தார். கரும்பு லாரிகளுக்கு வேலை பார்த்துக் கை தேர்ந்தவர். எதற்கும் அவரையும் ஒரு வார்த்தை கேட்போம் என்று போனார்.

"பட்டையத் தொடவே வேணாம் பாய். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல இரும்புக் கட்டை ஒண்ணு வெச்சு, நீளமா யூ போல்ட் போட்டு இறுக்கிட்டா நாலு அங்குலம் ஏறிடும். வண்டி மெத்தை கணக்கா ஓடும். பட்டை சேக்கச் சொன்னது யாரு? கடலூர்ல கன்னம் ஒட்டிப் போயி, மூக்கு மட்டும் முன்னால வருமே, அவனா?"

"ஆமாங்க. காத்தவராயன்."

"என் தங்கச்சி புருஷன்தான்" என்றார் சபாபதி, பல்வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "அவன்கிட்ட போயி சொல்லுங்க. பட்டை சேத்தா வண்டி ஓட்டுறவன் முதுகெலும்பு கழண்டு மடியில விழும்னு."

அபுபக்கர் பொறுப்பான மனிதர். அடுத்த வாரமே கடலூர் போய், சொன்னதை ஓர் எழுத்து விடாமல் சொன்னார். காத்தவராயன் சம்மட்டியைக் கீழே வைத்தார்.

"கட்டை வெக்கிறது, குள்ளப் பொண்ணைப் பலகை மேல நிறுத்தி உசரம்னு காட்டுற மாதிரி. எப்ப சறுக்கும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். இதைப் போயி மச்சான்கிட்ட சொல்லுங்க. அப்படியே, நாலு வருஷத்துக்கு முன்னால வாங்கிட்டுப் போன ஜாக்கியத் திருப்பிக் குடுக்கவும் சொல்லுங்க."

"அது நான் என் தங்கச்சிக்குச் சீரா குடுத்த ஜாக்கி. நான் குடுத்ததை நான் எடுத்தா தப்பா?" என்று சபாபதியிடமிருந்து பதில் போனது.

இப்படி இருபத்தெட்டு மைலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆறு நடை. ஜீப் தூக்குவதைப் பற்றி அவருக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரியாதது ஒன்றும் பாக்கியில்லை. நாலாவது நடையில் காத்தவராயன் மனைவி பட்டம்மாள், புருஷனுக்குத் தெரியாமல் ஒரு தூக்கு நிறைய முறுக்கு கொடுத்து, "எங்க அண்ணன்கிட்ட குடுத்துடுங்க பாய்" என்றாள். சபாபதி நின்ற இடத்திலேயே எட்டு முறுக்கு தின்றுவிட்டு, "உப்பு கம்மின்னு சொல்லுங்க" என்றார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

ஜெய்னப்புக்குப் பொறுமை போய்விட்டது.

"மச்சான், பட்டையா கட்டையா, பட்டையா கட்டையான்னு தூக்கத்துல பொலம்புறீங்க. பேசாம ரெண்டையும் பண்ணித் தொலைங்க!"

அவள் எரிச்சலில் சொன்னது. அபுபக்கருக்கோ அது அல்லாவே அவள் வாயால் சொன்னதாகப் பட்டது. எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம், யார் மனமும் நோகாது. கடலூரில் பட்டை சேர்த்துக்கொண்டார். அங்கிருந்து நேரே சிதம்பரம் வந்து கட்டையும் வைத்துக்கொண்டார். அஞ்சும் நாலும் ஒன்பது.

ஒன்பது அங்குலம் என்பது ஸ்கேலில் பார்த்தால் சாண் அளவுதான். ஜீப்பில் பார்த்தால் வேறு. அது தன்னுடைய கொட்டகைக்குள்ளேயே நுழையவில்லை; முன்பக்கம் இரண்டு தகரத்தைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஏறுவதற்கு அபுபக்கர் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி, ஒரு காலை வீசி, கைலியை ஒரு கையால் காப்பாற்றிக்கொண்டு உள்ளே விழ வேண்டியிருந்தது. ஜெய்னப் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"இது ஜீப்பா, ஒட்டகமா?"

"ஒட்டகம்னா கேவலமா? பாலைவனத்துல அதுதான் போவும்" என்றார் அபுபக்கர்.

அடுத்த நாள் இருபது பெட்டி, பெட்டிக்கு இருபத்து நாலு பாட்டில், ஏற்றிக்கொண்டு கிள்ளைக்குக் கிளம்பினார். பழைய மேடு வந்தது. வண்டி உரசவே இல்லை. அவருக்கு நம்ப முடியவில்லை. நிறுத்தி, குதித்து இறங்கி, குனிந்து பார்த்தார். வயிற்றுக்கும் மேட்டுக்கும் நடுவில் ஓர் ஆடு படுத்து அசைபோடலாம். அந்தச் சந்தோஷத்தில் ஏறி உட்கார்ந்து வேகத்தைக் கூட்டினார்.

தப்பு அங்கேதான் நடந்தது. ஆனை ஏறினாலும் இறங்காத பட்டை, நானூற்று எண்பது பாட்டிலுக்கா இறங்கும்? ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி கல்லில் விழுந்த கல்லாகக் குதித்தது. வெயில் வேறு. முதல் பாட்டில் 'டப்' என்றது. அபுபக்கர் டயர் என்று நினைத்தார். இரண்டாவது, மூன்றாவது. பிறகு எண்ண முடியவில்லை. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சேற்றிலேயே குப்புறப் படுத்தார்கள். பின்பக்கத்துத் தொட்டியிலிருந்து கோலிகள் தெறித்தன. திராட்சைக் கலர் சோடா பலகை இடுக்கு வழியாக ஒழுக, வழியிலிருந்த நாயெல்லாம் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஊர்வலம் வந்தது.

கிள்ளையில் இறங்கி எண்ணிப் பார்த்தபோது முழுசாக இருந்தது முப்பத்தொரு பாட்டில். புளிய மரத்தடியில் தங்கராசு வண்டியை அவிழ்த்துவிட்டிருந்தார். அவருடைய பாட்டிலில் ஒன்றுகூட உடையவில்லை.

"பாய், இது சோடா வண்டியா, தீவாளி வண்டியா?"

அபுபக்கர் காலிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பினார். தலையெல்லாம் திராட்சைக் கலர் ஒட்டிப் பிசுபிசுத்தது. ஈக்களை ஓட்டிக்கொண்டே சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

"ஒண்ணைக் கழட்டிடுங்க" என்றாள் ஜெய்னப்.

"அதான் யோசிக்கிறேன். எதைக் கழட்டுறது? பட்டையையா, கட்டையையா?"

இரண்டு வாரம் யோசித்தார். அதற்குள் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. கிள்ளைப் பாதையில் இடுப்பளவு தண்ணீர். பஸ் நின்றது. ஒரு லாரி பாதி வழியில் ஓரப் பள்ளத்தில் சரிந்து மூழ்கி, டிரைவர் கூரைமேல் உட்கார்ந்து பீடி பிடிப்பதாகச் செய்தி வந்தது.

ஒரு காலை, பக்கத்துத் தெரு சாமிக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். மகன் கொளஞ்சிக்குக் கிள்ளைக்கு அந்தாண்ட பெண் எடுத்திருந்தார். பத்தரைக்கு முகூர்த்தம்.

"பாய், உங்க வண்டி தண்ணியில போவுமா?"

"யோசிச்சுச்..." என்று அபுபக்கர் ஆரம்பித்தார்.

"போவும்!" என்று உள்ளேயிருந்து ஜெய்னப் குரல் கொடுத்தாள்.

சோடாப் பெட்டிகளைப் படியாக அடுக்கி மாப்பிள்ளையை ஏற்றினார்கள். சாமிக்கண்ணு, அவர் மனைவி ராசம்மாள், ஒரு நாதஸ்வரக்காரர், ஒரு தவில்காரர் எல்லோரும் ஏறினார்கள். வண்டி கிளம்பியது. நாதஸ்வரக்காரர் மங்களகரமாக ஒரு ராகத்தை எடுத்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் ராகம் துண்டாகி வேறொரு ராகமாக வெளியே வந்தது. தவில்காரர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். குலுக்கலில் அவர் முழங்கையே வாசித்துக்கொண்டது.

தண்ணீருக்குள் இறங்கினார்கள். எஞ்சினுக்கு ஒரு சொட்டு எட்டவில்லை. லாரி கூரையில் இருந்த டிரைவர் எழுந்து நின்று கும்பிட்டார். அபுபக்கரின் நெஞ்சு விம்மியது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது சரியானதைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று தோன்றியது. அந்த நினைப்பில் பாதையை மட்டும் பார்த்தார், மேலே பார்க்கவில்லை. தாழ்ந்திருந்த புங்கமரக் கிளை ஒன்று, மாப்பிள்ளையின் தலைப்பாகையையும் மாலையையும் அலுங்காமல் கழற்றி எடுத்துக்கொண்டது.

"பாய், மால! மால!" என்று கொளஞ்சி அலறினான்.

"நிறுத்துனா எஞ்சின் ஆஃப் ஆயிடும் தம்பி! மால போனா வேற மால. மாப்ள போனாதான் கஷ்டம்!"

பெண் வீட்டு வாசலில் கூட்டம் காத்திருந்தது. ஆலம் சுற்றத் தட்டோடு நின்ற அத்தைக்காரி அண்ணாந்து பார்த்தாள். தட்டை எவ்வளவு தூக்கினாலும் மாப்பிள்ளையின் செருப்புதான் தெரிந்தது. நேரமாகிறது என்று யாரோ அவசரப்படுத்த, அவள் முன் சக்கரத்துக்கே மூன்று சுற்று சுற்றிப் பொட்டும் வைத்துவிட்டாள். வைக்கோல் போரில் சாத்தியிருந்த ஏணியைக் கொண்டுவந்து மாப்பிள்ளையை இறக்கினார்கள். பிள்ளையாருக்குப் போட்டிருந்த மாலையை வாங்கி அவன் கழுத்தில் போட்டு, பத்து இருபத்தைந்துக்கு மணையில் உட்கார வைத்தார்கள். அபுபக்கருக்கு முதல் பந்தியிலேயே இலை போட்டு, இரண்டு தடவை பாயசம் ஊற்றினார்கள்.

அந்த மழைக்காலத்தில் மட்டும் பதினொரு கல்யாணம், இரண்டு பிரசவம். "பாய் வண்டியச் சொல்லிட்டீங்களா?" என்பது முகூர்த்தம் குறிக்கும்போது கேட்கிற கேள்வியாகிவிட்டது. சோடாவை அபுபக்கர் அடிப்பது, தங்கராசு மாட்டு வண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று இருவரும் பேசி முடித்துக்கொண்டார்கள்.

பேர் பரவியதும் காத்தவராயன், "என் பட்டைதான் நிக்குது" என்று எல்லோரிடமும் சொன்னார். சபாபதி, "என் கட்டைதான் நிக்குது" என்றார். தை மாதம் ஒரு நாள் அதை நேரில் பார்த்துவிடக் காத்தவராயன் சிதம்பரத்துக்கே வந்து, பச்சைப் பக்கமாக ஜீப்புக்கு அடியில் புகுந்தார். அதே நேரம் போல்ட்டை இறுக்கிப் பார்க்க வந்த சபாபதி, நீலப் பக்கமாகப் புகுந்தார். நடுவில் ஆக்சிலுக்குக் கீழே இரண்டு தலையும் 'ணங்' என்று மோதிக்கொண்டன.

வெளியே நின்ற அபுபக்கருக்கு நாலு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"இன்னா மச்சான், சௌக்கியமா?"

"இருக்கேன் மாப்ள. பட்டம்மா எப்படி இருக்கா?"

அரை மணி நேரம் வெளியே வரவில்லை. அடியில் படுத்தபடியே குடும்ப நியாயம் முழுக்கப் பேசினார்கள். நிழலாக இருந்ததால் அபுபக்கர் உள்ளேயே இரண்டு சோடா உடைத்துக் கொடுத்தார்.

ஒட்டகத்தில் ஏறமாட்டேன் என்றிருந்த ஜெய்னப்பும் ஒரு நாள், ஆறு மாதக் கெஞ்சலுக்குப் பிறகு, பெட்டிமேல் கால் வைத்து ஏறினாள். கடலூரில் ஒரு நிக்காஹ். பரங்கிப்பேட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமோ என்று அபுபக்கர் பயந்துகொண்டே ஓட்டினார். திரும்பி வந்து இறங்கியதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

"மச்சான், அடுத்த நடை எப்ப?"

"ஏன், முதுகு வலிக்கலையா?"

"வலிச்சா வலிக்கட்டும். மேல உக்காந்தா எல்லார் வீட்டு மதிலுக்கு அந்தாண்டயும் தெரியுதே! அமீனா பீவி வீட்ல ஆடு குட்டி போட்டிருக்கு, நம்மகிட்ட மூச்சு விடல. அந்த மூலை வீட்டுக்காரங்க வாங்கிட்டுப் போன நம்ம அண்டாவைக் காணோம்னு சொன்னாங்கள்ல? கொல்லையில கவுத்து வெச்சு கோழி அடைச்சிருக்காங்க. வெள்ளிக்கெழம நான் கட்டாயம் வர்றேன். கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க."