ரேட்டு பத்தாத மைதானம்

மண்ணூர்ப் பக்கம் எங்கள் மைதானத்தில் பந்து வேப்பமரத்தில் பட்டால் இரண்டு ரன். கம்பெனிச் சுவரைத் தாண்டினால் அவுட். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த செக்யூரிட்டி பந்தைத் திருப்பித் தர மாட்டார் என்பதால், சிக்சர் அடித்த பாவத்துக்கு மட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அந்த நிலம் என் பெரியப்பாவுடையது. சுற்றிலும் எல்லோரும் விற்றுவிட்டார்கள். பெரியப்பாவைத் தேடி மாதம் ஒரு புரோக்கராவது வருவார். வந்தவர் ஒரு விலை சொன்னால் பெரியப்பா அதற்கு மேலே ஒன்று சொல்வார். அதற்கும் அவர் தலையாட்டிவிட்டால், "அது போன மாசத்து ரேட்டுப்பா" என்று இன்னும் ஏற்றிவிடுவார். ஊரில் அவருக்கு ரேட்டுக்காரர் என்றே பெயர். பேரம் படிகிறவரைக்கும் பையன்கள் அங்கே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பத்து வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் வைத்தார்கள். டீம் கேப்டன் என் சித்தப்பா. உதவி செய்தவர்களின் பெயர்களை நீலத் தகரப் பலகையில் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார். என் கையெழுத்துக்கு வீட்டில் அப்படியொரு மரியாதை. பிட்ச்சில் விரிக்க மேட் வாங்கித் தந்தவர் டயர் கடைக்காரர். மேடு பள்ளத்தை நிரவ ஜேசிபி அனுப்பியவர் ஒரு கான்ட்ராக்டர். டீ-ஷர்ட் பிரியாணிக் கடைக்காரர் உபயம். தண்ணீர் பாக்கெட் கொடுத்தவர் பெயர்கூட இருந்தது, நிலத்துக்காரர் பெயர் இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. மிச்சமிருந்த வெள்ளைப் பெயின்டில், எல்லோருக்கும் மேலே, 'மைதானம் தந்தவர்' என்று போட்டு பெரியப்பாவின் பெயரை எழுதிவிட்டேன். பார்த்ததும் பூரித்துப்போவார் என்று நினைத்து, யாரிடமும் மூச்சு விடவில்லை.

முதலில் பார்த்தது அவருடைய மகன், என் அண்ணன். அவரையும் குறை சொல்ல முடியாது. வாலாஜாபாத்தில் வீட்டைக் கட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியிருந்தார். இந்த நிலம் விற்றால்தான் கூரை. நான்காவது ஓவரில் நேராக மைதானத்துக்குள் நடந்து வந்துவிட்டார். ஆட்டம் நின்றது. பின்னாலேயே வந்த பெரியப்பாவிடம் பலகையைக் காட்டினார்.

"இன்னாப்பா இது? நிலத்த இவங்களுக்கு எழுதிக் குடுத்துட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

பெரியப்பா பலகையைப் பார்த்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். நகத்தில் வெள்ளைப் பெயின்ட் இன்னும் போயிருக்கவில்லை. சித்தப்பா மட்டையை ஊன்றிக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

"நான் யாருக்கும் எதுவும் குடுக்கல. ரேட்டு பத்தலன்னு வெச்சிகினு கீறேன். நல்ல பார்ட்டி வந்தா நாளைக்கே முடிச்சிடுவேன். அதுவரைக்கும் பசங்க ஆடிகினு போறானுங்க, உனக்கு இன்னா?"

மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொல்லி, தோளில் கிடந்த துண்டாலேயே தன் பெயரை அழித்தார். அண்ணனின் முகம் தெளிந்தது. சண்டைக்கு வந்தவர், மரத்தடியில் உட்கார்ந்து மிச்ச மேட்சையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. அத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டாரே என்று அழுதேன். ஊர் சொல்வது சரிதான், இவர் பேராசைக்காரர் என்று முடிவு கட்டி, பல மாதங்கள் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை.

இன்று அந்தக் கம்பெனிச் சுவருக்கு உள்ளேதான் எனக்கு வேலை. கேன்டீன் ஜன்னலிலிருந்து பார்த்தால் வேப்பமரமும் மைதானமும் தெரியும். அண்ணன் லோன் போட்டு வீட்டை முடித்துவிட்டார். பெரியப்பாவுக்கு இன்னும் ரேட்டு பத்தவில்லை. விற்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அண்ணன் பாகம் கேட்டிருப்பார். கொடுத்துவிட்டேன் என்றிருந்தால் கோர்ட்டுக்கே போயிருப்பார். ரேட்டு பத்தவில்லை என்பவரிடம் மட்டும் யாரும் சண்டைக்குப் போக முடியாது. பேராசைக்காரர் என்ற பெயரை வாங்கிக்கொண்டு அவர் அந்த மண்ணைப் பையன்களுக்கு விட்டுவைத்தார்.

அன்று பெயரை அழித்து முடித்ததும், துண்டை உதறிக்கொண்டே என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எழுத்து நல்லா கீது" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.